63 கிலோவுக்குக் கீழே: காற்று ஃபோர்க்கும் நம் ஓட்டிகளும்

விடியற்காலையில் காவிரிப் பாலம் தாண்டி மாம்பழச் சாலை வழியாக மேலூர்ப் பக்கம் போகிறவர்கள், முக்கொம்பு வரை மிதித்துவிட்டுத் திரும்புகிறவர்கள், விடுமுறை நாளில் பச்சைமலைக்கோ கொல்லிமலைக்கோ கிளம்புகிறவர்கள் எனத் திருச்சியில் சைக்கிள் ஓட்டுவதை விரும்பிச் செய்யும் கூட்டம் ஒன்று உண்டு. அவர்களில் சிலருடைய வண்டியின் முன் ஃபோர்க்கில் இரும்புச் சுருள் இருப்பதில்லை, காற்றுதான் ஸ்பிரிங். அந்தக் காற்றை ஓட்டுபவரின் எடைக்கேற்ப அளந்து வைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முறை நல்லது. ஆனால் நம் கைக்கு வந்திருக்கும் வடிவத்தில் அது நம்மை மனத்தில் வைத்து எழுதப்படவில்லை.

காற்று ஃபோர்க் புதிதல்ல. 1989-இல் பால் டர்னர் தொடங்கிய ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் முதல் ஃபோர்க்கான ஆர்.எஸ்.-1 காற்றையும் எண்ணெயையும் கொண்டே இயங்கியது. 1990-இல் அமெரிக்காவின் டுராங்கோவில் நடந்த முதல் உலக மலைச் சைக்கிள் போட்டியில் கிரெக் ஹெர்போல்ட் அதைப் பொருத்தி இறக்கப் பந்தயத்தை வென்றார். காற்றின் பெரிய அனுகூலம் எளிமையானது. சுருளின் விறைப்பு தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடும். மேலே இருக்கும் பிரீலோடு குமிழைத் திருகினால் ஆரம்ப அழுத்தம்தான் மாறும், விறைப்பு மாறாது. அதனால் 80 கிலோ ஆளுக்குச் சரியாக இருக்கும் சுருள் 55 கிலோ மாணவிக்கு அசையாத கம்பிதான். காற்று ஃபோர்க்கிலோ ஒரு பம்பை வைத்து இருவருக்கும் சரிசெய்துவிடலாம். ஒரே சைக்கிளை அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றி ஓட்டும் வீட்டில் இது சின்ன விஷயமல்ல.

சரிசெய்யும் முறை இரண்டு படிகள் கொண்டது. முதலில் ஃபோர்க்கின் காலில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பார்த்து எடைக்கேற்ற காற்றை ஏற்ற வேண்டும். பிறகு ஓட்டி ஏறி நின்றால் ஃபோர்க் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். ஓட்டிகள் இதை ‘சேக்’ என்கிறார்கள். 100 மி.மீ. ஃபோர்க்கில் 15 முதல் 20 மி.மீ. வரை இறங்கினால் சாதாரண ஓட்டத்துக்குச் சரி. கரடுமுரடான இறக்கங்களை நாடுகிறவர்கள் கூடுதலாக வைத்துக்கொள்வார்கள்.

இரண்டாம் படியை அவசரப்படாமல் செய்ய வேண்டும். ஹெல்மெட், பை, தண்ணீர் எல்லாவற்றோடும் ஏறுங்கள். மே மாதத் திருச்சி வெயிலுக்கு மூன்று லிட்டர் எடுத்துப்போகிறவருக்கு அதுவே மூன்று கிலோ. நண்பர் ஒருவர் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். பெடலில் எழுந்து நின்று, இரண்டு முறை மெல்ல அழுத்திவிட்டு, அசையாமல் நில்லுங்கள். பளபளப்பான மேல்குழாயில் உள்ள ரப்பர் வளையத்தை நண்பர் சீல் வரை தள்ளிவிட்ட பிறகு, ஃபோர்க்கை அழுத்தாமல் இறங்குங்கள். சீலிலிருந்து வளையம் நிற்கும் தூரம்தான் அளவு. வளையம் இல்லாத ஃபோர்க்கில் மெல்லிய பிளாஸ்டிக் டேக் ஒன்றைக் கட்டிக்கொண்டால் போதும். ஒரே காற்றில் இரண்டு தடவை அளந்தாலும் ஓரிரு மி.மீ. வித்தியாசம் வரும். சீலின் பிடிப்புதான் காரணம். அதனால் பல முறை அளந்து நடுவான எண்ணை எடுத்துக்கொள்வது நல்லது.

முதல் படியிலுள்ள அட்டவணையில்தான் என் குறை தொடங்குகிறது. பரவலாக விற்கும் ஃபோர்க்குகளில் அதன் முதல் வரி ‘63 கிலோவுக்குக் கீழ்’ என்றே ஆரம்பிக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 9 கிலோவுக்கும் ஒரு வரி, 99 கிலோ வரை. நம் ஊர்க் கல்லூரி மாணவர்களை, பெண்களை, பள்ளிப் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். 45 கிலோவும் 62 கிலோவும் ஒரே வரிக்குள் அடைக்கப்படுகின்றன. இது அச்சுச் சிக்கனம் மட்டுமல்ல. சீலும் புஷ்ஷும் உரசும் பிடிப்பு 50 கிலோ ஆளுக்கும் 90 கிலோ ஆளுக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் அந்தப் பிடிப்பை உடைத்து ஃபோர்க்கை அசைக்கும் பாரம் எடை குறைந்தவரிடம் குறைவு. அட்டவணை சொன்ன காற்றை வைத்துக்கொண்டு கொள்ளிடக் கரையின் சரளைப் பாதையில் போகிற 50 கிலோ ஓட்டிக்குக் கை மரத்துப்போகிறது. பழி ஃபோர்க்கின் மேல் விழுகிறது.

ரீபவுண்டிலும் இதே கதைதான். வலக்காலின் அடியில் இருக்கும் சிவப்புத் திருகின் ஒரு கோடியில் ஆமைப் படம், மறுகோடியில் முயல் படம். அழுந்திய ஃபோர்க் எவ்வளவு விரைவில் எழ வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. காற்று குறைய, எழும் விசையும் குறையும். ஆகவே எடை குறைந்தவர்கள் முயல் பக்கம் நெருங்கியே வைக்க வேண்டும். நடுவில் வைத்துவிட்டால் ஃபோர்க் ஒரு குழியிலிருந்து எழுவதற்குள் அடுத்த குழி வந்துவிடும்; போகப் போக அது தாழ்ந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது மானி. திருச்சி அழுத்தத்தை அறிந்த ஊர். 1965 முதல் பெல் ஆலை உயரழுத்தக் கொதிகலன்களைச் செய்துவருகிறது. திருவெறும்பூர், துவாக்குடிப் பட்டறைகளில் பிரஷர் கேஜைப் பழகிய ஃபிட்டர் யாரைக் கேட்டாலும் சொல்வார், வேலை அழுத்தம் கேஜின் நடுப்பகுதியில் வரவேண்டும், ஓரத்தில் வந்தால் நம்பக்கூடாது என்று. ஃபோர்க்குக்குக் காற்றேற்றும் நம் ஷாக் பம்புகளில் 300 பி.எஸ்.ஐ. வரை காட்டும் முள் கேஜ்கள் சகஜம். எடை குறைந்தவரின் ஃபோர்க்குக்கு வேண்டியதோ 50, 60 பி.எஸ்.ஐ. முள் அசையத் தொடங்கும் ஓரத்தில்தான் நம் அளவே நிற்கிறது. நண்பரின் பம்பில் 60 காட்டியது உங்கள் பம்பில் வேறாகக் காட்டலாம். எண்ணை நம்புவதைவிட வளையத்தை நம்புங்கள். எண் அடுத்த முறை அதே பம்பில் அதே இடத்துக்கு வருவதற்கான அடையாளம், அவ்வளவே. மோட்டார் சைக்கிள் டியூபில் இருக்கும் அதே வகை வால்வுதான் என்று பஞ்சர் கடைக் கம்ப்ரஸரிடம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். ஃபோர்க்கின் காற்றறை மிகச் சிறியது, ஒரு நொடியில் எல்லை மீறிவிடும்.

வெயிலைப் பற்றிய பயம் அளவுக்கு மிஞ்சியது என்பேன். 25 டிகிரியில் 60 பி.எஸ்.ஐ. வைத்த ஃபோர்க் 40 டிகிரியில் 64-ஐ நெருங்கும். கையில் லேசாகத் தெரியும், ஓட்டம் கெடாது. கொல்லிமலையில் 1,000 மீட்டர் ஏறினால் வெளியழுத்தம் குறைந்து மானி ஒன்றரைப் பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டும். மேலே குளிர்வதால் கிட்டத்தட்ட அதே அளவு இறங்கவும் செய்யும். மலையடிவாரத்தில் பம்பைத் தேடவேண்டியதில்லை.

தேடவேண்டியது தூசியை. ஆற்றோரப் பாதையின் நுண்மணல் சீலின் உதட்டில் சாம்பல் நிற வளையமாகப் படியும். அதைத் துடைக்காமல் விட்டால் மேல்குழாயின் பூச்சு தேய்ந்துவிடும், பிறகு எந்தக் காற்று அளவும் உதவாது. 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை கீழ்க்கால்களைக் கழற்றித் துடைத்து எண்ணெய் மாற்றச் சொல்கிறது ராக்‌ஷாக்ஸ். காற்று ஃபோர்க் இத்தனை கவனிப்பைக் கேட்கும் என்பதை அதை விற்பவர்கள் வாங்கும்போதே சொல்வது நியாயம்.

ஃபோர்க்கைத் தொடுமுன் டயரைச் சரிபாருங்கள். இரண்டேகால் அங்குல டயரில் 50 பி.எஸ்.ஐ. அடைத்துக்கொண்டு ஃபோர்க் வேலை செய்யவில்லை என்றால் அது யார் குற்றம்? 25, 30-க்கு இறக்கினாலே பாதி அதிர்வு போய்விடும். திருச்சியின் சமதளத்துக்குள்ளேயே ஓட்டுகிறவர்களுக்கு அகல டயர் பூட்டிய சாதா ஃபோர்க்கே போதும் என்பது என் தீர்ப்பு. மலைக்குப் போகிறவர்களுக்கும் கரைப்பாதையை விடாதவர்களுக்கும் காற்று ஃபோர்க் தகும்.

அதை இங்கே விற்கிறவர்களிடம் கேட்பது இரண்டுதான். 63 கிலோவுக்குக் கீழே இன்னும் இரண்டு வரியாவது அச்சிடுங்கள். வண்டியைக் கொடுக்கும் நாளில் வாங்குபவரை ஏற்றி நிறுத்தி, வளையத்தை அளந்து கொடுங்கள்.