தெருப்பூனையும் கட்டாக்காலியும்

கேட்பாரற்றுத் திரியும் பூனை தமிழ்நாட்டில் 'தெருப்பூனை'. இலங்கைத் தமிழில் அதுவே 'கட்டாக்காலி'. கட்டாமல் விட்ட மாட்டைக் குறித்த சொல் நாய்க்கும் பூனைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. முதற்சொல் பூனைக்கு ஒரு தெருவைக் கொடுக்கிறது. மற்றது, அவிழ்த்துவிட்டவன் யார் என்று கேட்கிறது.

இந்தியாவின் விதிகள் தெருவின் பக்கம் நிற்கின்றன. கேப்டன் சுந்தரம் 1959இல் சென்னையில் தொடங்கிய விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ், தெருநாய்களைக் கொல்லாதீர்கள், கருத்தடை செய்யுங்கள் என்று 1964 முதல் சொல்லிவந்தது. மாநகராட்சி அந்த வழிக்கு வர 1996 ஆயிற்று. 2001இல் வந்த விதிகள் நாய்க்கு மட்டுமே. 2023இல் வந்தவற்றில் பூனையும் சேர்ந்தது. பிடி, கருத்தடை செய், பிடித்த இடத்திலேயே விடு என்பதே அவற்றின் சாரம்.

இலங்கை 2006இல் தெருநாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கைக்கு வந்தது. அங்கே இரக்கத்துக்கும் குறைவில்லை. ஆனால் வேண்டாத குட்டிகளை விகாரை வாசலிலோ சந்தையிலோ விட்டுவிடும் பழக்கமும் இருக்கிறது. தானச் சோற்றின் மிச்சத்தில் பிழைத்துக்கொள்ளும் என்பது விடுபவரின் சமாதானம். தமிழ்நாட்டிலும் சாக்கில் கட்டி மீன் சந்தைப் பக்கம் விட்டுவருவார்கள். சொல் வேறானாலும் சாக்கு ஒன்றுதான்.

தண்டத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. இலங்கையின் 1907ஆம் ஆண்டுச் சட்டம் விலங்கு வதைக்கு எழுதிய உச்ச அபராதம் 100 ரூபாய். இந்தியாவின் 1960ஆம் ஆண்டுச் சட்டம் முதற்குற்றத்துக்கு எழுதியது 10 முதல் 50 ரூபாய். மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமோ 20,000 ரிங்கிட்டில்தான் தொடங்குகிறது.

தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களும் யாழ்ப்பாணத்திலிருந்து கிராணி (எழுத்தர்) வேலைக்கு வந்தவர்களும் கலந்த நாடு மலேசியா. பூனையை 'கொண்டுபோய் விடும்' பழக்கம் எந்தக் கப்பலில் வந்தது என்று ஆராய்வதைவிட, இங்கே கேமரன் மலையின் திரிங்காப்பில் ஒரு குட்டியைக் கண்டால் என்ன செய்வது என்று பார்க்கலாம்.

உடனே தூக்காதீர்கள். தாய்ப்பூனை குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி இடம் மாற்றும். தனியாகக் கிடப்பதெல்லாம் அநாதை அல்ல. தள்ளி நின்று சில மணி நேரம் கவனியுங்கள். மழையில் நனைந்து விறைத்திருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். இந்த மலையில் பசியைவிடக் குளிர்தான் முந்திக் கொல்லும். துணியில் சுற்றி, வெந்நீர்ப் போத்தலைப் பக்கத்தில் வைத்து முதலில் உடம்பைச் சூடாக்குங்கள். சில்லிட்ட குட்டிக்குப் பால் செரிக்காது. சூடான பிறகும் பசும்பால் வேண்டாம், வயிற்றால் போகும். பூனைக்குட்டிக்கான பால்மா கடையில் கிடைக்கும். காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது நஞ்சு. கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

பெரிய பூனையானால், சோறு வைப்பதோடு கடமை முடிவதில்லை. ஐந்தாறு மாதத்திலேயே சினைப்படும்; சுமார் 63 நாளில் குட்டி போடும். சோறு மட்டும் வைப்பவர் அடுத்த சாக்குக்கு ஆள் சேர்க்கிறார். லயத்தில் நாலு வீடு சேர்ந்தால் ஒரு கருத்தடைச் செலவைத் தாங்கலாம். அந்தச் சாக்கில் உருளைக்கிழங்கைக் கட்டுங்கள்.