எழிலும் குளத்துக் கரையும்: ஒரு நிரல்மொழியை யார் பராமரிப்பது?

கோடை விடுமுறைக்கு பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்திருந்த அக்கா மகளுக்கு எழில் மொழியில் நாலு வரி எழுதக் கற்றுக்கொடுத்தேன். எட்டாம் வகுப்பு, தமிழ்வழி. ஒரு இடத்தில் "முடி" போட மறந்துவிட்டாள், பிழை காட்டியது, திருத்தினாள். அப்புறம் கேட்டாள்: "மாமா, நான் தப்பு பண்ணினா இது சொல்லுது. இதுவே தப்பு பண்ணினா யாருகிட்ட சொல்லணும்?"

எனக்கு சட்டென்று பதில் வரவில்லை. அதனால்தான் இந்தக் குறிப்பு.

எழில் பற்றி ஒரு சிறு அறிமுகம். முத்து அண்ணாமலை 2007-இல் தொடங்கி 2009-இல் அறிவித்த தமிழ் நிரல்மொழி இது. பைத்தானில் எழுதப்பட்ட இன்டர்பிரட்டர், ஜி.பி.எல். 3 உரிமம். ஆங்கிலச் சொற்களைப் பெயர்த்து வைத்ததோடு நிற்காதது இதன் சிறப்பு. ஆங்கிலத்தில் "இஃப்" முன்னால் வரும். எழிலில் நிபந்தனை முதலில், சொல் பின்னால்:

@( மதிப்பெண் >= 35 ) ஆனால்

தமிழ் வாக்கியம் போகிற போக்கும் இதுதான். வடிவமைப்பில் இது நல்ல முடிவு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஒரு குறையும் சொல்கிறேன். இன்றைய பிள்ளைகள் "ஆனால்" என்று பார்த்ததும் "பட்" என்றே படிக்கிறார்கள். "எனில்" என்று இருந்திருக்கலாமோ? இருக்கலாம். சரி, மாற்றலாம் என்றே வைத்துக்கொள்வோம். யார் முடிவு செய்வது? பழைய நிரல்கள் ஓடாமல் போகுமே, எழுதி வைத்த பாடங்களை யார் திருத்துவது? ஒரே ஒரு சொல்லைத் தொட்டாலே, இலக்கணக் கேள்வியாகத் தொடங்கியது நிர்வாகக் கேள்வியாகிவிடுகிறது.

பெரிய மொழிகளுக்கும் இதே கதைதான். பைத்தானில் := என்ற இரண்டெழுத்துக் குறியைச் சேர்ப்பது பற்றிய சண்டை முடிந்த கையோடு, 2018 ஜூலையில், கிடோ வான் ராசம் தலைமையை விட்டு விலகினார். அவர் வாரிசு யாரையும் நியமிக்கவில்லை. மற்றவர்கள் மாதக்கணக்கில் விவாதித்து, வாக்கெடுத்து, ஐந்து பேர் கொண்ட வழிநடத்தும் குழு ஒன்றை அமைத்தார்கள். ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இரண்டு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. ஒவ்வொரு முக்கிய வெளியீட்டுக்குப் பிறகும் தேர்தல்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் சூழலில் இதை அப்படியே நகலெடுக்கச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குழு அமைக்க முதலில் கூட்டம் வேண்டுமே. வேலை செய்ய ஆள் இல்லாத இடத்தில் அரசியல் சாசனம் எழுதி என்ன பயன்?

எங்கள் தாமிரபரணிப் பாசனத்தில் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. கார், பிசானம் என்று இரண்டு பூ விளையும் ஊர். அணையிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து குளம், குளத்திலிருந்து மடை வழியாக வயல். தூர் வாருவதும் கரை கட்டுவதும் ஆயக்கட்டுக்காரர்கள் பொறுப்பு. குடிமராமத்து என்று பெயர். 1858-இல் மதராஸ் அரசு அதைச் சட்டமாகவும் போட்டது. சட்டம் இருந்தும் பழக்கம் தேய்ந்துபோனது. 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் திட்டம் கொண்டுவந்து மீட்க வேண்டியிருந்தது. எழுதி வைத்த விதி மட்டும் கரையைக் காப்பாற்றாது. அந்தத் தண்ணீரைக் குடிக்கிற வயல் தனக்கு இருந்தால்தான் ஒருவன் மண்வெட்டியை எடுப்பான்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் எழிலின் சிக்கல் புரிகிறது. அதன் பயனர்கள் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள். நன்றாகக் கற்றுக்கொண்ட பிள்ளை ஆறு மாதத்தில் பைத்தானுக்கோ ஜாவாவுக்கோ போய்விடும், போகத்தான் வேண்டும். ஆக, மொழி எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அவ்வளவு சீக்கிரம் தன் பயனர்களை இழக்கும். பராமரிக்கும் வயதும் திறமையும் வரும்போது அவர்களுக்கு அங்கே வயல் இல்லை. இதை நிறுவனரின் குறையாகச் சொல்லவில்லை. கல்விக்காகச் செய்யப்படும் எந்த மொழிக்கும் உள்ள கட்டமைப்புச் சிக்கல் இது.

எழிலோடு வளர்ந்த ஓப்பன்-தமிழ் நூலகத்தை இதனோடு ஒப்பிடுங்கள். பைத்தானிடம் "தமிழ்" என்ற சொல்லின் நீளம் கேட்டால் 5 என்கும். நமக்கு அது 3 எழுத்து. இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டுக்கொடுப்பது அந்த நூலகத்தின் அடிப்படை வேலைகளில் ஒன்று. சொல்திருத்தியோ அகராதியோ செய்கிற எவருக்கும் இது தேவை. அதில் பிழை இருந்தால் அவர்கள் வேலையே கெடும், அதனால் திருத்தி அனுப்ப அவர்களுக்குச் சொந்தக் காரணம் உண்டு. உரிமமும் எம்.ஐ.டி., எதிலும் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே ஆயக்கட்டு இருக்கிறது.

இதற்கிடையில் கீழே உள்ள தரையும் நகர்கிறது. எழில் பிறந்தபோது இருந்தது பைத்தான் 2. 2008 டிசம்பரில் 3 வந்தது. 2020 ஜனவரி 1-ஓடு 2-க்கான ஆதரவு முடிந்தது. புதிதாக ஒரு வசதிகூடச் சேர்க்காமல், இருக்கிற இடத்தில் நிற்பதற்கே உழைக்க வேண்டும். அந்த உழைப்புக்கு நாம் விழா எடுப்பதில்லை.

நான் யோக்கியனும் இல்லை. தேதிகளைத் தமிழில் எழுதித்தரும் சின்ன நூலகம் ஒன்றை வெளியிட்டிருந்தேன். யாரோ ஒருவர் பிழையைச் சொல்லி, திருத்தத்தையும் சேர்த்தே அனுப்பியிருந்தார். நான் பார்த்தது எட்டு மாதம் கழித்து. அதற்குள் அவர் வேறு ஒன்றை எழுதிக்கொண்டு போய்விட்டார். வந்த ஒரே ஆயக்கட்டுக்காரரைத் திருப்பி அனுப்பியவன் நான்.

சிறு திட்டங்களுக்கு என் யோசனை மூன்றுதான். வெளியீட்டு உரிமை குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும். நிறுவனர் ஆறு மாதம் பதில் தராவிட்டால் யார் முடிவெடுக்கலாம் என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள். கோடையில் கால்வாயை அடைத்துப் பராமரிப்பது போல, வருஷத்தில் ஒரு மாதம் புது வசதி எதுவும் சேர்க்காமல் பழையதை மட்டும் பாருங்கள்.

அக்கா மகளிடம், "இப்போதைக்கு என்கிட்ட சொல்லு, நான் எழுதி அனுப்புறேன்" என்றேன். "அப்புறம்?" என்றாள்.

என் நூலகத்துக்கு இரண்டாவது ஆளாக ஒரு நண்பரைப் போன வாரம் சேர்த்திருக்கிறேன். எட்டு மாதம் காத்திருந்தவருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதியாயிற்று. பதில் இன்னும் வரவில்லை.