பாய்லர் பார்க்க வருபவர்

பிரிட்டனில் குளிர்காலத்துக்கு முன் வீட்டு எரிவாயு பாய்லரைப் பார்க்க வருபவரின் வேலை, பார்க்க அலுக்காதது. முதலில் அவருடைய அடையாள அட்டையைக் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். 2009 முதல் 'கேஸ் சேஃப்' பதிவேட்டில் உள்ளவர்தான் அங்கே கைவைக்கலாம். எந்தெந்த வேலைக்குத் தகுதி என்பது அட்டையின் பின்பக்கம் இருக்கும்.

புகைக்குழாயின் சோதனைத் துளையில் மெல்லிய குழலைச் செருகி, கார்பன் மோனாக்சைடுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கிறார். பெரும்பாலான பாய்லர்களில் அது 0.004-ஐத் தாண்டக் கூடாது. கார்பன் மோனாக்சைடு நிறமோ மணமோ இல்லாத நஞ்சு. மூக்கை நம்பிப் பயனில்லை. அதனால் அந்தச் சின்னக் கருவிமேல் எனக்குத் தனி மரியாதை. அப்புறம் கழிவுநீர்க் குடுவையைக் கழற்றிக் கசடு போகக் கழுவுவார். ரப்பர் சீல்களைத் தடவிப் பார்ப்பார். ஆறிய நிலையில் நீரழுத்தம் ஏறக்குறைய 1 முதல் 1.5 பார், முள்ளைப் பார்த்து நாமே சொல்லிவிடலாம்.

மூடியைத் திறப்பது மட்டும் நம் வேலையல்ல. வாடகை வீடென்றால் ஆண்டுதோறும் எரிவாயுச் சோதனை செய்விப்பது உரிமையாளரின் சட்டக் கடமை. சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.