நம்பாதவன் நுழைந்த ஆலயம்

ஆங்கிலக் கவிஞர் பிலிப் லார்க்கின் (1922–1985) எழுதிய ‘சர்ச் கோயிங்’ என்னும் கவிதை, 1955இல் வெளிவந்த அவருடைய தொகுப்பில் இடம்பெற்றது. கடவுள் நம்பிக்கையற்ற ஒருவன், வழியில் மிதிவண்டியை நிறுத்தி, ஆளில்லாத பழைய ஆலயம் ஒன்றினுள் நுழைவதே அதன் பொருள். தலைப்பு இரு பொருள் தருவது: ஆலயத்துக்குப் போதல், ஆலயமே இல்லாமற் போதல். இதனைப் பக்தி இலக்கியம் என்று கொள்ள இயலாது. ஆயினும் ஞாயிறுதோறும் திருப்பலிக்குச் செல்லும் நாம் படிக்கத் தக்க கவிதை இது.

வழிபாடு ஏதும் நடக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்ட பின்னரே அவன் உள்ளே வருகிறான். எடுப்பதற்குத் தலையில் தொப்பி இல்லை; ஆகவே கால்சட்டையில் மாட்டிய மிதிவண்டிக் கவ்விகளைக் கழற்றுகிறான். திருமுழுக்குத் தொட்டியைத் தடவிப் பார்க்கிறான். வாசக மேடையில் நின்று சில வரிகளைப் படிக்கிறான். அயர்லாந்து நாட்டு நாணயம் ஒன்றைக் காணிக்கையாக இட்டு, நின்று பார்க்கத் தக்க இடமன்று என எண்ணிக்கொண்டே வெளியேறுகிறான். அவ்வாறாயின் ஏன் நின்றோம், ஏன் அடிக்கடி இவ்வாறு நிற்கிறோம் என்னும் வினா அவனை விடவில்லை. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை ஒருங்கே தாங்கிய இடம் இது. வாழ்வைப் பற்றி ஆழ்ந்து எண்ண விழையும் எவனையும் ஈர்க்கும் இடம் இது என்னும் விடையை அவன் சென்றடைகிறான்.

அந்தக் கவ்விகளைக் கழற்றும் செயலில்தான் கவிதையின் உயிர் இருக்கிறது. அதில் ஏளனமும் இல்லை, வேடமும் இல்லை. ஆனால் ஒரு குறையும் உண்டு. ஆளில்லா வேளை பார்த்து நுழைந்தவனுக்குக் கட்டடம் தெரிகிறது. அதனுள் மன்றாடும் மக்கள் தெரிவதில்லை. நம்மவர் நிலையோ இதற்கு நேர்மாறானது. நமக்கு மக்கள் தெரிகின்றனர், கட்டடம் தெரிவதில்லை.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே கூட்டேரிப்பட்டில் இறங்கி மயிலம் முருகன் கோயிலுக்குச் செல்வோர் அனைவரும் நேர்த்திக்கடன் செலுத்தச் செல்பவர் அல்லர். கண்டு வர விழைவோரும் உளர். அவ்வாறு காண வருபவர் நம் ஆலயங்களுக்கும் வருவர். அதே நெடுஞ்சாலையில் தெற்கே சென்று, உளுந்தூர்பேட்டையில் விருத்தாசலம் சாலையில் திரும்பினால், கோணான்குப்பத்தை அடையலாம். வீரமாமுனிவர் அன்னை மரியாவுக்குப் பெரியநாயகி என்று பெயரிட்டு, தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் நிறுத்தி, ஆலயம் எழுப்பிய ஊர் அது. வளனாரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு 3615 பாடல்களில் தேம்பாவணி பாடிய அம்முனிவருக்கு, பகுத்தறிவு இயக்கத்தில் வளர்ந்தவர்களின் ஆட்சிக் காலத்தில், 1968இல், உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் சிலை நிறுவப்பட்டது. செபிக்க அன்றி, தமிழின் பொருட்டு அவ்வூரைத் தேடி வருபவர் நமக்கு அயலார் அல்லர்.

அவர்களுக்கு நாம் எதைக் காட்டப் போகிறோம்? நம்பிக்கை தளர்ந்தால் ஆலயங்கள் பாழாகும் என்று லார்க்கின் அஞ்சினார். நம் ஊர்களிலோ நம்பிக்கை தழைப்பதாலேயே பழைய ஆலயங்கள் மறைகின்றன. பங்குமக்கள் பெருகினர், இடம் போதவில்லை என்பது மெய்யே. அதற்காகச் சுண்ணாம்புச் சுவரை இடித்துக் கான்கிரீட்டை எழுப்புகிறோம், மரப்பீடத்தை விறகாக்குகிறோம், தேய்ந்த கல்தளத்தின்மேல் பளிங்கு ஓடு பதிக்கிறோம். கவிதையில் வருபவன் கூரையை அண்ணாந்து பார்த்து, இது துப்புரவு செய்யப்பட்டதோ, புதுப்பிக்கப்பட்டதோ என்று ஐயுறுகிறான். நம் ஆலயங்கள் பலவற்றில் அவனுக்கு அந்த ஐயம் எழ வழியே இராது.

ஆலயத்தின் விலைமதிப்புள்ள பொருள்கள் கைமாறாமலும் சிதறாமலும் காக்கப்பட வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே, திருவழிபாடு பற்றிய ஏட்டில், ஆயர்களுக்கு அறிவுறுத்தியது. வருபவனை மகிழ்விப்பதற்காக நாம் இதைச் செய்ய வேண்டியதில்லை. அந்தச் சுவர்களுக்குள் நம் பாட்டனாரும் பாட்டிமாரும் முழந்தாளிட்டனர் என்பதே போதிய காரணம். புதிய ஆலயம் தேவையெனில் பழையதன் அருகே எழுப்பலாம். அதற்கும் நிலம் இல்லையெனில் பழைய திருமுழுக்குத் தொட்டியையேனும் புதிய ஆலயத்தினுள் வைத்துப் பயன்படுத்தலாம். நம்பாதவன் கைநீட்டித் தடவிப் பார்த்தது அதைத்தானே.