வட்டக் கல்லும் வீட்டுப் பெயரும்

பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடைப்பட்ட பிரனீஸ் மலைச்சாரலில் வாழும் பாஸ்க் மக்களின் பழைய இடுகாடுகளில், வட்டத் தலையும் கீழ்நோக்கி விரியும் அடியும் கொண்ட கற்கள் நிற்கின்றன. அம்மக்கள் இவற்றை 'ஹிலாரி' என்பர். இறந்தோர் கல் என்பது பொருள். எஞ்சியுள்ளவற்றுட் பல 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளுக்குரியவை.

இவற்றைப் பற்றி எழுதுவோருள் ஒரு சாரார், வட்டத்தைக் கண்டதும் சூரிய வழிபாடு என்பர். நான்கு வளைவுகள் சுழலும் 'லவ்புரு'ச் சின்னத்தைக் கண்டதும் தொல்லினமொன்றின் மறைபொருள் என்பர். வட்டம் ஞாயிற்றைக் குறித்திருக்கலாம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், அதே வட்டத்தினுள்ளேதான் சிலுவையும் இயேசு நாமத்தின் சுருக்கெழுத்தும் செதுக்கப்பட்டுள்ளன. பழைய வடிவத்திலே புதிய சமயம் குடிபுகுந்தது. மாறாத இன ஆன்மா எதுவும் இக்கற்களில் உறைந்து கிடக்கவில்லை. காலந்தோறும் மாறிய வாழ்க்கையே அவற்றிற் பதிந்துள்ளது.

அவ்வாழ்க்கையைக் காட்டுவன தொழிற்கருவிகள். கலப்பையின் கொழு, கொல்லனின் சுத்தியல், பெண்கள் நூல் நூற்ற கதிர் ஆகியவை சூரியனுக்கும் சிலுவைக்கும் அருகே இடம்பெறுகின்றன. பெயர் தெரியாத சிற்பி, உழைப்பையும் நினைவுகூரத் தக்கதெனக் கருதினான். இதுவே இக்கலையின் பெருமை.

எனினும், இதனை முழுமையான மக்கள் கலை என்று போற்றி அமைந்துவிடுதல் தகாது. லூயி கொலாஸ் 1923இல் வெளியிட்ட 'பாஸ்க் கல்லறை' என்னும் நூல் இக்கற்களின் எழுத்துக்களையும் உருவங்களையும் தொகுத்துத் தருகிறது. பல கற்களில் ஆளின் பெயரோடு வீட்டின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. இன்னார் இன்ன வீட்டின் தலைவர் அல்லது தலைவி என்பதே அடையாளம். வீடும் நிலமும் பிரிக்கப்படாது ஒரே வாரிசைச் சேர்ந்தன; கல்லறையும் அவ்வீட்டுக்கே உரியது. ஏனைய பிள்ளைகளுட் பலர் கடல் கடந்து பிழைப்புத் தேடினர்.

நவார்ப் பகுதியின் பஸ்தான் பள்ளத்தாக்கிலே 'அகோத்தே' எனப்பட்டோர் தீண்டத்தகாதவர் போல் ஒதுக்கப்பட்டனர். தச்சுவேலையில் வல்லவரான அவர்கள் தேவாலயத்துள் தனி வாயிலாற் புக வேண்டியிருந்தது. இடுகாட்டிலும் அவர்களுக்கு வேறிடமே கிடைத்தது. பாப்பரசர் பத்தாம் லியோ 1515இல் அவர்களைப் பிறர்க்கு நிகராக நடத்துமாறு பணித்த பின்பும் நூற்றாண்டுகளாக அக்கொடுமை நீடித்தது.

ஆகவே, சின்னத்தின் பொருளை ஆராய்வோர் அக்கல்லை நாட்டும் உரிமை யாருக்கு இருந்தது என்பதையும் ஆராய்தல் வேண்டும். அவ்வினாவை ஒதுக்கிவிட்டு அழகை மட்டும் வியக்கும் விமர்சனம், உடைமையாளனின் நினைவையே மக்கள் அனைவரின் நினைவாகக் காட்டிவிடும்.