கடைசி ஆள் வந்தாச்சா?

வேடசந்தூர் பக்கம் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகியவரா நீங்கள்? அப்படியென்றால் பாடத்திட்டம் உங்களுக்கே தெரியும். முதுகில் சுரைக்குடுக்கை அல்லது காலி பிளாஸ்டிக் கேன். கீழ்ப்படியில் மாமா நின்றுகொண்டு, 'குதிடா, நான் இருக்கேன்ல' என்பார். நாலைந்து நாளில் கேன் காணாமல் போகும். அப்புறம் தண்ணீருக்குள்ளேயே தொட்டு விளையாட்டு. துரத்துகிறவனுக்குத் தப்பி முங்கி, மோட்டார் குழாய்க்குப் பின்னால் புகுந்து, எதிர்ப் படியில் ஏற வேண்டும். ஏறியவன் அடுத்தவனுக்குக் கை கொடுப்பான்.

இதையே நகரத்து நீச்சல் குளத்தில் 'அப்ஸ்டகிள் கோர்ஸ்' என்கிறார்கள். தொங்கும் வளையத்துக்குள் புகுந்து, கயிற்றுக்கு அடியில் முங்கி, மிதக்கும் பாய்மேல் தவழ்ந்து, தரையில் கிடக்கும் பொம்மையைப் பொறுக்கிக்கொண்டு கரையேறணும். நல்ல விஷயம்தான். பயந்த குழந்தையிடம் 'தலையை உள்ளே விடு' என்று அரை மணி நேரம் கெஞ்சினாலும் விடாது. வளையத்தைக் காட்டினால் தானே விடும். (புறநானூறு 243-ல், ஒரு கிழவர் இருமலுக்கு நடுவே, மருதக் கிளையிலிருந்து மடுவில் குதித்து அடிமணலை அள்ளி வந்த சிறுவயதை நினைத்து ஏங்குகிறார். பொம்மைக்குப் பதில் மணல், அவ்வளவுதான்.)

ஆனால் நாம் செய்கிற முதல் காரியம், இதற்கும் ஸ்டாப் வாட்ச் வைப்பது. 1994-ல் ஒரே வருடத்தில் ஆறு கடல்வழிகளை நீந்திய குற்றாலீஸ்வரனைப் போல நம் பிள்ளையும் வரணும் என்ற ஆசை தப்பில்லை. அதற்காக ஏழு வயதுக் குழந்தை வளையத்துக்குள் மாட்டிக்கொண்டு முழிக்கும்போது கரையிலிருந்து 'பின்னாடி பார்க்காதே, போ போ!' என்று அப்பா கத்துவது தப்பு. பின்னாடிதான் பார்க்கணும் சார்.

சேர்ந்து செய்கிற விளையாட்டில் விதி வேறு. பாயின் நாலு மூலையை நாலு பேர் பிடித்துக்கொள்ள, ஐந்தாவது குழந்தை தவழும். முதல் ஆள் கரையேறினால் ஆட்டம் முடியாது. கடைசி ஆள் வந்தால்தான் முடியும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? குடகனாறு பாதி நாள் மணலாகக் கிடக்கும். நல்ல மழை பெய்தால் திடீரென்று தண்ணீர் வரும். பழக்கமில்லாத பிள்ளைகள் கும்பலாக இறங்கும். அப்புறம் பேப்பரில் வருகிற செய்தியை நீங்களே படித்திருப்பீர்கள். ஒருவன் வழுக்கினான், காப்பாற்றக் குதித்தவனும் போனான். மூழ்குகிறவன் கைக்கு எட்டியதைக் கட்டிப் பிடிப்பான், அது அண்ணன் கழுத்தாக இருந்தாலும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம், பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலோடு பாதுகாப்பாகக் காப்பாற்றும் முறையையும் கற்றுக்கொடுக்கச் சொல்கிறது. வங்கதேசத்தில் 'ஸ்விம்சேஃப்' திட்டத்தில் கிராமத்துக் குளத்திலேயே மூங்கில் மேடை கட்டி இதைச் செய்தார்கள். 25 மீட்டர் நீந்தணும், 30 விநாடி மிதக்கணும், மூழ்குகிறவனைத் தான் இறங்காமல் கரைக்கு இழுக்கவும் தெரியணும்.

நம் வகுப்புகளில் இந்தக் கடைசிப் பாடம்தான் இல்லை. தடை ஓட்டத்தின் முடிவில் ஒரு பிள்ளை களைத்த மாதிரி நடிக்கட்டும். மற்றவர்கள் கரையில் குப்புறப் படுத்துக் கயிற்றையோ கேனையோ வீசட்டும். குதித்தவன் அவுட்!

கிணற்றைத் தலையில் தூக்கி வைக்கவும் நான் தயாரில்லை. பெரும்பாலும் பையன்கள் குதிக்க, பெண்பிள்ளைகள் மேலே தொட்டியில் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். 'யாரு ரொம்ப நேரம் முங்குறா' என்ற பந்தயம் வேறு. வேகவேகமாக மூச்சை இழுத்துவிட்டு முங்கினால், எச்சரிக்கையே இல்லாமல் தண்ணீருக்குள் மயக்கம் வரும். நன்றாக நீந்தத் தெரிந்தவனுக்கே வரும். கிணறோ குளமோ, அந்தப் பந்தயம் வேண்டவே வேண்டாம்.

வரும் கோடையில் பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது ஃபீஸ் எவ்வளவு, எத்தனை நாளில் நீந்துவான் என்று கேட்பீர்கள். கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: 'வீசுற கயிறு எங்கே மாட்டியிருக்கீங்க, மாஸ்டர்?'