கருணையின் குண்டும் மானத்தின் குண்டும்

உழைத்து ஓய்ந்த விலங்கிற்கு மனிதன் கடன்பட்டவனா? கலசப்பாக்கம் முதலிய சவ்வாது மலையடிவார ஊர்களில் டிராக்டர் உழவு பரவியபின், முதிர்ந்த எருதை என்செய்வது என்பது எளிய உழவனின் கவலையாயிற்று. உதகைத் தெருக்களில் கைவிடப்பட்ட குதிரைகள் குப்பை மேய்வதும் இதன் மறுபக்கமே. இக்கேள்வியோடு இரு கதைகளை ஒப்பிட விழைகிறோம்.

அன்னா சூவெல் 1877இல் வெளியிட்ட 'பிளாக் பியூட்டி', குதிரையொன்று தன் வரலாறு கூறும் ஆங்கிலப் புதினம். அதில் வரும் கேப்டன், கிரீமியப் போர் கண்ட கிழக்குதிரை. இலண்டனில் ஜெரி என்னும் வாடகைவண்டிக்காரனிடம் உழைக்கிறது. குடிவெறியில் ஒருவன் ஓட்டிய பாரவண்டி மோதிப் படுகாயமுறுகிறது. தேறினால் சில பவுனுக்கு விற்கலாம். வாங்குபவன் கையில் என்ன பாடுபடுமோ என்றஞ்சி, அதைச் சுட்டுவிடுதலே மேல் என ஜெரி முடிவுசெய்கிறான்.

சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' (1959) குறுநாவலின் இறுதியிலும் துப்பாக்கி வெடிக்கிறது. பிச்சியிடம் பிடிபட்ட காரிக்காளையை அதன் உடைமையாளரான ஜமீன்தாரே சுட்டு வீழ்த்துகிறார். தோற்ற காளை இனி அவர் தொழுவத்தில் நிற்றற்கில்லை என்பதே கதைப்போக்கு உணர்த்தும் பொருள் என்பது நம் கருத்து.

இரண்டும் உடைமையாளன் குண்டுகளே. ஒன்று விலங்கின் வருந்துன்பத்தைத் தடுக்கிறது. மற்றொன்று மனிதனின் மானத்தைக் காக்கிறது. ஜெரி வரவிருந்த பணத்தை இழக்கிறான். கொல்பவன் எதை இழக்கிறான் என்பதே கருணைக்கு உரைகல்.

ஆயினும் சூவெலின் கதையில் ஒரு குறை உண்டு. கேப்டன் சாகும் நிலையில் இல்லை. அதற்குப் புகலிடந்தான் இல்லை. சமுதாயத்தின் இக்குற்றத்தை ஜெரியின் நல்லெண்ணம் மறைத்துவிடுகிறது. இலண்டனுக்கருகே குதிரைகளுக்கான ஓய்வில்லம் 1886இல்தான் தோன்றியது.

நம் சட்டங்களிலும் இவ்விரு நோக்குகள் உள. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், 10 வயது கடந்து உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாட்டைக் கொல்லச் சான்றிதழ் தர வழிசெய்கிறது. அங்கே அளவுகோல் பயன். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமோ, பட்டினியால் வாடும்படி விலங்கைக் கைவிடுதலைக் குற்றமாக்குகிறது. உயிரோடு வைத்திருத்தலே கொடுமை என்றாகும்போது அதன் உயிரை முடிக்க இடமளிக்கிறது. இங்கே அளவுகோல் வலி. நீதிமொழிகள் 12:10 நீதிமானிடம் எதிர்பார்ப்பதும் இப்பிந்திய நோக்கையே.

தீராவலியில் துடிக்கும் விலங்கிற்குக் கால்நடை மருத்துவர் தரும் நோவற்ற சாவு அன்பின் செயல். ஏர் இழுக்கவியலாத எருதுக்கு வேண்டுவதோ தீவனம். அச்செலவை ஏழை உழவன்மேல் மட்டும் சுமத்துதல் அறமாகாது. ஒரு கட்டு வைக்கோலும் கொடாத நாம், எருதை விற்றவனைப் பழிக்க உரிமையற்றவர்கள்.